பென்ஷன் பணமும் ஜப்தியும்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம்.

"பென்ஷன் கணக்கை யாரும் தொட முடியாதுன்னு அந்த ஆபீஸ்ல சொன்னாங்க, இப்போ பாங்க்ல பணம் முடங்கிக் கிடக்கு" என்று எங்கள் மனு தட்டச்சு நிலையத்தைக் குறித்து ஒரு செய்தி ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். நாங்கள் சொல்லிவருவது பென்ஷன் பணத்தைப் பற்றி. கணக்கைப் பற்றி அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் விளக்கத் தயாராக இருக்கிறோம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவின்படி, கடன் டிக்ரிக்காக, அதாவது கடனைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்புக்காக, ஓய்வூதியத்தையும் பணிக்கொடையையும் (கிராஜுவிட்டி) ஜப்தி செய்யக் கூடாது. இந்த விலக்கு வேண்டாம் என்று கடன் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த எழுத்து செல்லாது. அதே பிரிவின் (1ஏ) உட்பிரிவு அதைத்தான் சொல்கிறது. பணம் கைக்கு வந்த பிறகும் அதன் தன்மை மாறுவதில்லை என்று ராதே சியாம் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பணிக்கொடையை பாங்க் வைப்பு நிதியில் (எஃப்.டி.) போட்டவர்களுக்கு இந்தத் தீர்ப்புதான் துணை.

ஆனால் அதே கணக்கில் வீட்டு வாடகை, நெல் விற்ற பணம், மகன் அனுப்பிய தொகை எல்லாம் சேர்ந்து கிடந்தால்? கோர்ட் நோட்டீஸ் வந்ததும் பாங்க் ஒவ்வொரு வரவையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மொத்த இருப்பையும் நிறுத்திவைத்துவிடும். எது பென்ஷன் என்று காட்டும் பாரம் உங்கள் மேல் விழும். அதனால்தான் பென்ஷனுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள், அதில் வேறு ஒரு ரூபாயும் வரக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறோம். வைப்பு நிதி போடுவதானாலும் அந்தக் கணக்கிலிருந்தே நேராகப் போடுங்கள். பணமாக எடுத்துப் பத்து நாள் கழித்துப் போட்டால் தொடர்பு அறுந்துவிடும். நிலமோ நகையோ வாங்கிவிட்டால் இந்தப் பாதுகாப்பை நம்பி இருக்க வேண்டாம்.

முடக்கம் வந்துவிட்டால் பாங்கில் சண்டை போட்டுப் பயனில்லை. டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் நிறைவேற்று மனு (ஈ.பி.) நடக்கும் அதே கோர்ட்டில், ஜப்தியை நீக்கக் கோரி மனுவும் பிரமாண வாக்குமூலமும் போட வேண்டும். பி.பி.ஓ. (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) நகல், குறைந்தது ஓராண்டு பாஸ்புக் பதிவு, ஈ.பி. எண், பாங்க் தந்த கடிதம் ஆகியவை வேண்டும். பாஸ்புக்கில் பென்ஷன் வரவுகளை வரி வரியாகக் குறித்துத் தருகிறோம். தாக்கல் செய்பவர் உங்கள் வக்கீல். பணம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும் முன்பே கோர்ட்டுக்குப் போய்விடுங்கள். வேண்டுமென்றே தாமதித்ததாகத் தோன்றினால் கோர்ட் மனுவை விசாரிக்கவே மறுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் இது கவசம் ஆகாது. வீட்டை அடமானம் வைத்த கடனுக்கு வீடு போகும். மனைவியின் ஜீவனாம்சத்துக்கு இந்த விலக்கைக் கோர்ட்டுகள் ஏற்க மறுத்ததும் உண்டு. பென்ஷன் லோனுக்கு நீங்களே கையெழுத்திட்ட மாதத் தவணை வேறு. அது ஜப்தி அல்ல. ஒருவருக்கு ஜாமீன் போட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் டிக்ரி ஜாமீன்தாரர் மீதும் வரும்.

வட்டிக்காரரிடம் ஏ.டி.எம். அட்டையைக் கொடுத்துவைத்திருப்பவர்கள் இன்றே வாங்கிவிடுங்கள். இனி வரப்போகும் அரசு ஓய்வூதியத்தை எழுதிக் கொடுத்தால் 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் 12ஆம் பிரிவின்படி அது செல்லாது. ஆனால் அட்டையால் எடுக்கப்பட்ட பணத்தை மீட்பது பெரும்பாடு.

அந்தச் செய்தியைப் பார்த்தும் எங்களை நம்பி வந்தவர்களுக்கும், குழுவில் எங்களுக்காகப் பேசியவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தட்டச்சு செய்த தங்கை திருமணமாகிப் போய்விட்டதால் சனிக்கிழமை வேலை இல்லை. மனுக் கட்டணமும் அடுத்த மாதம் முதல் 200க்குப் பதில் 350 ரூபாய். பாஸ்புக் சரிபார்த்துத் தருவதற்கு வழக்கம்போல் கட்டணம் கிடையாது. வரும்போது பாங்கில் பதிவு போட்டுக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நிலைய உரிமையாளர்