ஆங்கிலக் கேள்வி-பதிலில் காரணத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழின் ஆங்கிலக் கேள்வி-பதில் பகுதிக்கு வாசகர்கள் அனுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே வகைதான். 'எ' போடுவதா 'ஆன்' போடுவதா, 'சின்ஸ்' சரியா 'ஃபார்' சரியா, 'டிஸ்கஸ் அபௌட்' ஏன் தவறு. 'இது சரி, அது தவறு' என்ற அளவில் பதில் நின்றுவிடுகிறது. காரணம் தெரியாத பதில் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டுமே உதவும். அடுத்த வாக்கியத்தில் அதே சந்தேகம் மறுபடி எழும். இந்தத் தவறுகளில் பல நம் தமிழ் வாக்கிய அமைப்பிலிருந்து வருகின்றன. திருத்திக்கொள்ளும் வழியும் பல இடங்களில் தமிழிலேயே இருக்கிறது. அதைத்தான் பதிலில் எதிர்பார்க்கிறேன்.

'எ', 'ஆன்' இரண்டுக்கும் எழுத்தைப் பார்க்காதே, ஒலியைப் பார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒலியை எப்படிப் பார்ப்பது? சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', உயிர்மெய்யில் தொடங்கினால் 'எ'. 'ஓர் இரவு', 'ஒரு பகல்' என்று நாம் பிரித்து எழுதும் அதே விதி. 'யூனிவர்சிட்டி' ஆங்கிலத்தில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் தமிழில் 'யூ' என்றுதான் எழுதுகிறோம். ஆகவே 'எ யூனிவர்சிட்டி'. மணிநேரத்தைக் குறிக்கும் 'அவர்' என்ற சொல்லில் முதலெழுத்து ஒலிப்பதே இல்லை. ஆகவே 'ஆன் அவர்'. 'ஆன் எம்.பி.' சரி, அதையே விரித்தால் 'எ மெம்பர் ஆஃப் பார்லிமென்ட்'.

சில இடங்களில் இந்த முறை காலை வாரும். சொல் முதலில் வரும் எகரத்தைப் பேச்சில் 'யெ' என்று சொல்வது நம் வழக்கம்; எலி 'யெலி' ஆவதுபோல் 'எம்.பி.'யும் 'யெம்.பி.' ஆகிவிடும். ஆங்கிலத்தில் அந்த யகரம் கிடையாது. இன்னொன்று 'ஒன்'. தமிழில் ஒகரம் போட்டு எழுதினாலும் ஆங்கிலத்தில் ஒலிப்பது 'வன்'. அதனால்தான் 'எ ஒன்-வே ஸ்ட்ரீட்'.

'த' எங்கே வரும் என்பதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. ஆனால் அந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதல்ல. 'பேனா வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு பேனா: 'ஐ பாட் எ பென்'. 'பேனாவை வாங்கினேன்' என்றால் முன்பே பேசிய அந்தப் பேனா: 'ஐ பாட் த பென்'. அஃறிணைச் செயப்படுபொருளில் இரண்டாம் வேற்றுமை 'ஐ' ஒட்டினால் பெரும்பாலும் 'த' வரும். 'பால் வாங்கினேன்' என்பதில் எண்ண முடியாத பொருள் வருவதால் 'எ'யும் கிடையாது, வெறும் 'மில்க்'தான். உயர்திணைக்கு இந்தச் சோதனை செல்லாது; 'டாக்டரைப் பார்த்தேன்' என்பதில் எப்படியும் 'ஐ' வந்துவிடும். எழுவாயில் 'ஐ' வரவே வராது. அங்கெல்லாம் 'எது?' என்று கேளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்பவருக்கே விடை தெரிந்திருந்தால் 'த', தெரியாவிட்டால் 'எ'.

'சின்ஸ்', 'ஃபார்' குழப்பத்துக்கும் தமிழ் விகுதியே வழிகாட்டும். 'ஐந்து வருஷமாக' என்றால் கால அளவு, 'ஃபார்'. '2019-இலிருந்து' என்றால் தொடங்கிய புள்ளி, 'சின்ஸ்'. 'ஒன்பது முதல் ஐந்து வரை' என்று முடிவும் சேர்ந்து வந்தாலோ, 'நாளையிலிருந்து' என்று வருங்காலமானாலோ 'ஃப்ரம்'. உண்மையான வழுக்கல் வினையில்தான் இருக்கிறது. 'ஐந்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலம் போடுகிறோம். அதை அப்படியே கொண்டுபோனால் 'ஐ ஆம் ஒர்க்கிங்' ஆகிவிடுகிறது. ஆங்கிலம் கேட்பது 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. இதற்கு நேர்மாறான தவறு 'ஐ ஹேவ் சீன் ஹிம் லாஸ்ட் இயர்'. 'போன வருஷம் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே', 'லாஸ்ட் இயர்', 'அகோ' என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வரக்கூடாது. 'ஐ சா ஹிம்' என்பதே சரி.

'டிட் யூ வென்ட்' தவறாவதும் இதுபோலத்தான். இறந்த காலத்தை 'டிட்' ஏற்றுக்கொண்ட பிறகு வினை வெறுமையாக நிற்க வேண்டும்: 'டிட் யூ கோ'.

'டிஸ்கஸ் அபௌட்' எழுதக் காரணம் 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்ற நம் வாக்கியம். 'டிஸ்கஷன்' என்ற பெயர்ச்சொல்லோடு 'அபௌட்' வரலாம் என்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. 'எம்ஃபஸிஸ் ஆன்' (இது 'மேல்' என்று பொருள்படும் 'ஆன்') சரி, 'எம்ஃபஸைஸ் ஆன்' தவறு. 'ரிக்வெஸ்ட் ஃபார்' பெயராக வந்தால் சரி, 'ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' தவறு. பெயரா வினையா என்று ஒரு நொடி பார்த்தால் இந்த வகைத் தவறுகள் குறைந்துவிடும்.

மரபுத்தொடர் பகுதியில் நாயும் பூனையுமாய்ப் பெய்யும் மழைக்கு இடம் ஒதுக்குவதைவிட அன்றாட இருசொல், முச்சொல் வினைகளுக்கு ஒதுக்கலாம். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடு; 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள். இவற்றில் 'இட்' எங்கே நிற்கும் என்பதுகூடப் பலருக்குத் தெரியாது. 'புட் இட் ஆஃப்' என்று நடுவில் வரும். 'லுக் ஆஃப்டர் இட்' என்று கடைசியில் வரும். இடம் மாறினால் இரண்டுமே பிழை.

வாக்கியத்தை 'டு', 'வித்' போன்ற முன்னிடைச்சொல்லில் முடிக்காதே, 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல்லைச் செருகாதே போன்ற தடைகளை வெளியிடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். முதலாவதை ஆங்கிலக் கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் நாடகாசிரியர் பென் ஜான்சனின் நடையில் குறையாகச் சொன்னார்; இரண்டாவதை ஹென்றி ஆல்ஃபர்ட் என்ற பாதிரியார் 1864-இல் கண்டித்தார். முதலாவது தடை ஒரு மூடநம்பிக்கை என்று 1926-லேயே ஆங்கில வழக்குக் கையேட்டில் ஃபௌலர் எழுதிவிட்டார். 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு?' நல்ல ஆங்கிலம். வாசகர் அதைத் திருத்த முயன்றால் யாரும் பேசாத ஒரு வாக்கியம்தான் மிஞ்சும்.

ஒரு சிறு வேண்டுகோள். கற்போருக்கான ஆங்கில அகராதிகள் பலவற்றில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'சி' அல்லது 'யு' என்ற எழுத்து இருக்கும். 'சி' எண்ணக்கூடியது, 'யு' எண்ண முடியாதது. 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்', 'லக்கேஜ்' எல்லாவற்றுக்கும் 'யு'தான். ஆகவே முன்னால் 'எ'யும் கிடையாது, பின்னால் 'ஸ்'ஸும் கிடையாது. வினைகளுக்கு 'டி' என்று இருந்தால் செயப்படுபொருள் நேராக வரும். 'டிஸ்கஸ்' அந்த வகை. அடுத்த இதழிலேயே இந்தக் குறிகளுக்கு ஒரு விளக்கம் வெளியிட்டால், பாதிக் கேள்விகளுக்கு வாசகர்களே பதில் தேடிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்