'பிரேக் பிடிக்காததால்' என்று மட்டும் போட்டால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மலைப்பாதையில் ஒரு வண்டி கவிழ்ந்தால் போதும், உங்கள் நாளிதழ் உட்பட எல்லாவற்றிலும் "பிரேக் பிடிக்காததால்" என்று ஒரு வார்த்தை வந்துவிடும், அதோடு செய்தி முடிந்தது. ஏன் பிடிக்கவில்லை, எந்த கியரில் இறங்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிரேக் சொல்லாமல் கொள்ளாமல் கைவிடுவது அபூர்வம். அது சொல்லியும் காதில் வாங்காமல் பட்டவன் என்பதால் எழுதுகிறேன்.

என் சின்ன காரில் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் முன்சக்கரத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். ரேடியோவைக் கூட்டி வைத்துக்கொண்டேன். பல வண்டிகளில், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடோடு ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள், பேடு தேய்ந்து மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும், கத்துவதற்கென்றே வைத்தது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அப்புறம் ஒருநாள் பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் கோட்டுக்குக் கீழே இருந்தது. கடையில் ஒரு பாட்டில் வாங்கி நானே ஊற்றினேன், மெக்கானிக் கூலி மிச்சம் என்று பெருமை வேறு!

அந்த வண்டியில்தான் குடும்பத்தோடு கொல்லிமலை போனோம். 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இரண்டாவது கியர், இறங்கும்போது சொகுசாக மூன்றாவது, கால் முழுக்க பிரேக்கில். அடிவாரத்துக் காரவள்ளி வருவதற்குள் கருகிய வாடை, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது. எப்படியோ ஓரங்கட்டினேன். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனவனை ஒரு லாரி டிரைவர்தான் தடுத்தார். "டிஸ்க்கு கோணிக்குமுங்க, சும்மா ஆற விடுங்க. எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல எறங்கோணுமுங்க, அப்பத்தான் இன்ஜினே வண்டியப் புடிச்சு நிறுத்துமுங்க" என்றார்.

மறுநாள் நாமக்கல்லில் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். புதுசில் 10 மி.மீ. அளவில் இருக்கும் பேடு, 3 மி.மீ. வந்ததுமே மாற்ற வேண்டியது, தகரம் மாதிரி ஆகியிருந்தது. புதுப் பேடு போட, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளினார், நான் ஊற்றிய ஆயில் பொங்கி வழிந்தது. பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், அதனால்தான் மட்டம் இறங்கும், அது பேடைப் பார் என்று சொன்ன சேதி, ஆயில் ஊற்றச் சொன்னதில்லை என்று சிரித்தார்.

இருந்த ஆயிலும் ஐந்து வருடப் பழசு. அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதுசில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துக் குமிழி விடலாம். குமிழி அமுங்குமே தவிர அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தாது. பஞ்சு மாதிரி இருந்தது அதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் சரி.

இன்னொன்று, பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இன்றும் உண்டு. இன்ஜின் ஓடாவிட்டால், பெடலை லேசாக மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வாக்குவம் (வெற்றிட இழுப்பு) கிடைக்காது, நாலைந்து மிதியில் பெடல் கல்லாகிவிடும்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், எந்த கியரில் வந்தார்கள், பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற இரண்டையும் விசாரித்துப் போடும்படி உங்கள் நிருபர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், நாமக்கல்