வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: கார்லைல் அணியின் 1912ஆம் ஆண்டுப் பருவம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். விளையாட்டு வரலாறு படிக்கும் நம் வட்டம், சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இவ்வாண்டு முழுவதையும் ஒரே அணியின் ஒரே பருவத்துக்கு ஒதுக்கியது. அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகப் பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் 1879இல் தொடங்கப்பட்ட தொழிற்பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியே அது. கார்லைல் ஒரு கல்லூரியே அல்ல, அதைக் கல்லூரிக் கால்பந்தில் சேர்ப்பது எப்படி என முதல் கூட்டத்தில் ஆட்சேபம் எழுந்தது. அது மோதியவை பெரும்பாலும் கல்லூரி அணிகள் என்பதால், ஆட்சேபத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தோம்.

செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரை அணி ஆடிய 14 ஆட்டங்களில் 12 வெற்றி, 1 தோல்வி, 1 சமநிலை. எடுத்த புள்ளிகள் 504, கொடுத்தவை 114. இந்த 114 நம்மை ஒரு மாலை முழுக்க அலைக்கழித்தது. ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான உறுப்பினர் ஒருவர் பென்சிலால் மூன்று முறை கூட்டியும் 113தான் வந்தது. அக்டோபர் 26 சனிக்கிழமை ஜார்ஜ்டவுனை 34-20 என வென்றவர்கள், திங்கட்கிழமையே கனடா அணியொன்றோடு டொரான்டோவில் ஆடி 49-1 என வென்றிருந்தார்கள். கனடிய விதியில் மட்டுமே கிடைக்கக்கூடிய அந்த ஒற்றைப் புள்ளியை அவர் அச்சுப்பிழை என்று அடித்துவிட்டிருந்தார். புள்ளியைவிட அந்த இரண்டு நாள் இடைவெளிதான் எனக்கு உறுத்தியது.

பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச் டவுனுக்கு ஐந்துக்குப் பதிலாக ஆறு புள்ளி, பத்து கஜம் முன்னேற மூன்றுக்குப் பதிலாக நான்கு டவுன் (முயற்சி), 100 கஜ ஆடுகளம் ஆகிய விதிகள் நடைமுறைக்கு வந்த முதல் ஆண்டு அது. பயிற்சியாளர் பாப் வார்னர். அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்று திரும்பியிருந்த ஜிம் தோர்ப் நட்சத்திர வீரர். கஸ் வெல்ச் குவார்ட்டர்பேக், அதாவது அணியின் தாக்குதலை நடத்துபவர். நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயின்ட்டில் ராணுவக் கல்லூரியை 27-6 என வீழ்த்திய ஆட்டத்துக்கு மட்டும் மூன்று கூட்டங்கள் செலவாயின. எதிரணியில் பின்னாளில் அமெரிக்க அதிபரான ஐசனோவர் இருந்ததே காரணம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தோர்ப்தான் அவர் முழங்காலை முறித்தார் என்று நம்மில் பலர் நம்பியிருந்தோம். ஆனால் ஐசனோவரின் கால்பந்து ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த முழங்கால் காயம் அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரிக்கு எதிராக நேர்ந்தது.

அதே வாரத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 எனத் தோற்றதுதான் பருவத்தின் ஒரே தோல்வி. வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சனோடு ஆடிய 0-0 ஆட்டம் நம் பேச்சாளர்கள் எவரையும் ஈர்க்கவில்லை.

கோடைக்காலங்களில் சிறு சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்று 1913இல் தோர்ப்பின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. ஒலிம்பிக் குழு 2022இல்தான் அவரை மீண்டும் தனி வெற்றியாளராகப் பதிவு செய்தது. இதைப் பற்றிய விவாதத்தில் குரல்கள் உயர்ந்தன. நுழைவுச்சீட்டு வசூலுக்காக வாரந்தோறும் அணியை ஊர் ஊராக ரயிலேற்றிய பள்ளி, மாணவர் ஒருவர் வாங்கிய சில டாலருக்குத் தனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் நின்றது என்பது செயலாளரின் சொந்தக் கருத்து, ஏற்காதவர்கள் இருவர். 1914இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு பள்ளியை விசாரித்தபோது, அதற்கு வழிவகுத்த மாணவர் மனுவை முன்னின்று திரட்டியவர் கஸ் வெல்ச். 1918இல் பள்ளி மூடப்பட்டது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மூன்றாம் கூட்டத்தின் குறிப்பில் 113 என்றிருப்பதை 114 எனத் திருத்த இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.