தடகளச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பயிற்சியாளர்களே, பெற்றோர்களே, வீரர் வீராங்கனைகளே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் வழக்கமான பணிகள் இந்த ஆண்டு தடையின்றி நடந்தன. செயற்குழு முறைப்படி கூடியது. தேசிய சம்மேளனத்துடனான இணைப்பு புதுப்பிக்கப்பட்டது. தணிக்கை செய்த கணக்குகளைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். எனவே, செயற்குழுவில் மாதாமாதம் எழுந்த ஒரு கேள்விக்கே இந்த அறிக்கையில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். விளையாட்டுக்காகத் தேசிய அமைப்புகள் ஒதுக்கும் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது, நம்முடையதைப் போன்ற சங்கங்களை எட்டுவது எவ்வளவு?

நம் வீராங்கனை ஒருவர் தேசியப் பயிற்சி முகாமுக்குத் தேர்வானபோதுதான் இந்தப் பேச்சு தொடங்கியது. தேர்வான நாளிலிருந்து அவருக்குப் பயிற்சியாளர், பிசியோதெரபி, சத்துணவு, பயணச் செலவு எல்லாம் கிடைக்கின்றன. நமக்கெல்லாம் பெருமையான செய்தி அது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) வாங்கிக் கொடுத்தவர்கள் அவருடைய பெற்றோர். விடியற்காலையில் மைதானத்தைத் திறந்து வைத்தவர்கள் ஊதியம் வாங்காத நம் பயிற்சியாளர்கள். அந்தக் காலத்துக்கு எந்தத் திட்டத்திலும் ஒதுக்கீடு இல்லை.

தேசிய அமைப்புகள் உயர்நிலை வீரர்களுக்குச் செய்யும் செலவு வீண் என்று நான் சொல்லவில்லை. அது பலன் தருகிறது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா ஒரு தங்கம்கூட வெல்லவில்லை. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1981இல் கான்பெராவில் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. 2000 சிட்னியில் அந்த நாடு 16 தங்கம் வென்றது. பிரிட்டன் 1996 அட்லாண்டாவில் ஒரே ஒரு தங்கத்துடன் திரும்பியது. அடுத்த ஆண்டிலிருந்து தேசிய லாட்டரிப் பணம் நேரடியாக வீரர்களின் பயிற்சிக்குப் போனது. 2016 ரியோவில் 27 தங்கத்துடன் பதக்கப் பட்டியலில் இரண்டாம் இடம். இந்தியாவின் டாப்ஸ் (ஒலிம்பிக் பதக்க மேடை இலக்கு) திட்டமும் 2014 முதல் இதே வழியில்தான், பதக்க வாய்ப்பு உள்ளவர்களைத் தேர்ந்து ஆதரிக்கிறது. திறமையும் உழைப்பும் உள்ள ஒருவர் நாளைய செலவை நினைத்துக் கவலைப்படாமல் பயிற்சி செய்ய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை.

சரி, பதக்கம் மட்டுமே அளவுகோலானால் என்ன ஆகும்? ரியோவில் பிரிட்டனின் பேட்மிண்டன் அணி ஆடவர் இரட்டையரில் வெண்கலம் வென்றது. சில மாதங்களிலேயே அந்த விளையாட்டுக்கான உயர்நிலை நிதி முழுவதும் நிறுத்தப்பட்டது. அதைவிடப் பெரிய விலையும் உண்டு. பிரிட்டிஷ் ஜிம்னாஸ்டிக்ஸ் பற்றி வழக்கறிஞர் ஆன் வைட் நடத்திய விசாரணையின் அறிக்கை 2022இல் வெளியானது. குழந்தைகளின் உடலும் மனமும் எப்படிக் காயப்பட்டன என்பதை அது பதிவு செய்திருக்கிறது. பயிற்சியாளர்கள் அனைவரும் அதன் முடிவுரையையாவது படிக்க வேண்டும் என்று செயற்குழு கேட்டுக்கொண்டிருக்கிறது.

பதக்கம் வந்தால் பிள்ளைகள் தாமாகவே மைதானத்துக்கு வருவார்கள் என்ற நம்பிக்கையும் கேள்விக்குரியது. ஒரு பெரிய வெற்றிக்குப் பிறகு சேர்க்கைக்கு வரிசை நிற்கும். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளும் இடமும் இல்லையென்றால் சில வாரங்களில் அந்த வரிசை கரைந்துவிடும். வளரிளம் பருவத்தினரில் ஐந்தில் நால்வர் போதுமான உடலுழைப்பு இல்லாமல் வளர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பதக்க மேடை மட்டும் இதை மாற்றாது.

நார்வேயின் முறையைத்தான் நாங்கள் அதிகம் விவாதித்தோம். அந்த நாட்டின் விளையாட்டுக் கூட்டமைப்பு 1987இலேயே குழந்தைகளின் விளையாட்டுக்கென விதிகளை எழுதியது. 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியலும் தரவரிசையும் கிடையாது. 13 வயதுக்கு முன் தேசியச் சாம்பியன்ஷிப் கிடையாது. எதை விளையாடுவது, எவ்வளவு விளையாடுவது என்பதைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு. மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம்தான். ஆனாலும் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்துடன் முதலிடம் பிடித்தார்கள். பனியும் வசதியும் நிறைந்த நாடு அது. அந்த வெற்றிக்கு இந்த விதி மட்டுமே காரணம் என்று சொன்னால் தவறாகிவிடும். பிள்ளைகளை அவசரப்படுத்தாமல் இருந்ததால் அவர்கள் பதக்கத்தை இழக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இதைப் பார்த்து நம் சங்கத்தில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். 11 வயதுக்கு உட்பட்டோரின் நேரங்களையும் தூரங்களையும் இனி பலகையில் ஒட்டுவதில்லை, பிள்ளையிடமே சொல்லிவிடுகிறோம். முதலில் சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. ஓட்டத்தில் பின்தங்கியிருந்த பிள்ளைகள் தொடர்ந்து வருவதைப் பார்த்த பிறகு எதிர்ப்பு குறைந்தது. இரண்டாவது, தேர்வுப் பட்டியலில் பிறந்த மாதத்தையும் குறிக்கிறோம். தடகளத்தில் டிசம்பர் 31ஐ வைத்து வயது கணக்கிடுவதால், ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் ஓடுகிறார்கள். பன்னிரண்டு வயதில் அந்த வித்தியாசம் உயரத்திலும் பலத்திலும் நன்றாகவே தெரியும். முன்னால் பிறந்தவர் திறமைசாலியாகத் தெரிகிறார்; பின்னால் பிறந்தவர் மனம் விட்டுப் போய்விடுகிறார். அப்புறம் அவரைத் திரும்ப அழைத்து வருவது மிகக் கடினம். பதின்ம வயதில் பெண் பிள்ளைகள் விலகுவது இன்னும் தொடர்கிறது. அதற்குப் பெண் பயிற்சியாளர்கள் தேவை, நம்மிடம் போதுமான அளவு இல்லை.

தேசிய சம்மேளனத்திடமிருந்து இந்த ஆண்டு கிடைத்த உதவிகளில் உண்மையிலேயே பயன்பட்டது தொடக்கநிலைப் பயிற்சியாளர் வகுப்புதான். அதற்காகச் சம்மேளனத்துக்கு மனமார்ந்த நன்றி. உபகரண உதவிக்கான விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. முழுநேரப் பணியாளர் இல்லாத சங்கம் நிரப்பக்கூடிய அளவில் அந்தப் படிவங்கள் இருந்தால் நல்லது.

கால்பந்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் நாடு விட்டு நாடு கிளப் மாறும்போது, புதிய கிளப் தரும் மாற்றுத்தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. தடகளத்தில் மாற்றுத்தொகை இல்லை. ஆனாலும் முகாமுக்குத் தேர்வாகும் ஒவ்வொருவருக்கும் செலவிடும் நிதியில் ஒரு சிறு பங்கை அவருடைய முதல் சங்கத்துக்கு அனுப்ப முடியும். பெரிய தொகை வேண்டாம். தடை ஓட்டத்துக்கான தடைகளும் குண்டு எறிதலுக்கான குண்டுகளும் பழுதானால் மாற்றும் அளவுக்கு இருந்தாலே போதும்.

எனவே பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். முதலாவது: முதல் சங்கத்துக்கான நிதிப்பங்கு, தாமதமாக வளரும் பிள்ளைகளுக்கு 17 வயதுக்குப் பிறகும் தேர்வு வாய்ப்பு, எளிய விண்ணப்பப் படிவம் ஆகிய மூன்றையும் கேட்டுத் தேசிய சம்மேளனத்துக்கு மற்ற சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு கடிதம் எழுதுவது. இரண்டாவது: பயிற்சியாளர் வகுப்பில் சேர விரும்பும் தாய்மார்களுக்கும் முன்னாள் வீராங்கனைகளுக்கும் உரிய கட்டணத்தை அடுத்த ஆண்டு சங்கமே ஏற்பது. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பதிவு செய்துகொள்ளலாம்.

நன்றி.
செயலாளர்