இரண்டு ஊசிகளுக்கு இடையே இருபது நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டி வட்டத்தில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமம் எங்களுடையது. மூன்றரை ஏக்கரில் சம்பா சாகுபடி செய்கிறேன். என் மனைவிக்கு வயது 52. சென்ற ஆண்டு ஆவணியில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, அறுவை சிகிச்சை முடிந்து, ஐப்பசியில் கீமோ ஊசி தொடங்கியது. அந்த ஊசி நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே டாக்டர்களும் நர்சுகளும் ஒரு வாய் டீ குடிக்க நேரமில்லாமல் உழைப்பதை மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன் நான். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு என்பதால் மருந்துக்கு நான் நிலத்தை அடகு வைக்க நேரவில்லை. அதற்கு நன்றி சொல்லிவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

21 நாளைக்கு ஒருமுறை ஊசி. அந்த ஒரு நாள் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். மீதி 20 நாளும் நோயாளி வீட்டில், கணவனின் பொறுப்பில். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்று அந்தக் கணவனை உட்கார வைத்து யாரும் சொல்வதில்லை.

முதல் ஊசி போட்ட அன்று இரவு என் மனைவிக்குச் சிறுநீர் சிவப்பாகப் போயிருக்கிறது. ரத்தம் என்று நினைத்து, என்னிடம் சொல்லாமல் மறுநாள் முழுதும் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் கேட்டபோது உடைந்து அழுதுவிட்டாள். அந்த மருந்தின் நிறமே சிவப்பு. ஓரிரு நாள் அப்படித்தான் போகும். இதைப் பிறகு எனக்குச் சொன்னது பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு நோயாளியின் கணவர். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் முழுக் கட்டணமும், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதமும் சலுகை உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார்.

பயப்பட வேண்டியதற்கு நாங்கள் பயப்படவில்லை. இரண்டாவது ஊசி போட்ட பதினோராம் நாள். கார்த்திகை அடைமழை, பயிர் மூழ்கிக் கிடந்ததால் வடிகால் வெட்டப் போய்விட்டு இருட்டியபின் வந்தேன். அவள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். மழைக்கால ஜுரம் என்று நினைத்து, கடை மாத்திரை ஒன்று கொடுத்து, மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் படுக்க வைத்தேன். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர்கூட இல்லை. விடியற்காலையில் எதிர்வீட்டில் வாங்கி வைத்துப் பார்த்தால் 102. காரை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினோம். ஆறு நாள் படுக்கையில் சேர்த்து, நரம்பு வழியாக மருந்து ஏற்றித்தான் மீட்டார்கள். ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடும், அப்போது 100.4 டிகிரியைத் தொட்டாலே நடுராத்திரி என்று பார்க்காமல் கிளம்பி வர வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கோபமாகத்தான் சொன்னார், அவர் கோபம் நியாயம். ஆனால் அந்த வாக்கியத்தை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அந்த ஓர் இரவை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

மூன்றாவது ஊசிக்கு 70 கிலோமீட்டர், முதல் பஸ்ஸில் போனோம். ஒன்பது மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணிக்கு முடிவு வந்தது: நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணு 900. பொதுவாக 1,500 இருந்தால்தான் ஊசி. அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரம் 1,100. திரும்பவும் அதே பஸ். திருத்துறைப்பூண்டியில் இறங்கும்வரை அவள் வாய் திறக்கவில்லை. இறங்கியதும், “என்னங்க, மருந்தை வாங்கிக்கொள்ளக்கூட என் உடம்பில் தெம்பு இல்லையே” என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளிப்போவது பலருக்கும் நடப்பதுதான், அதனால் சிகிச்சை தோற்றுவிட்டதாகப் பொருள் இல்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

சாப்பாடு பெரும்பாடு. எவர்சில்வர் தட்டில் எதை வைத்தாலும் இரும்பைக் கடித்தது போல் இருக்கிறது என்று தள்ளிவிடுவாள். ஒரு நாள் கொல்லையில் வாழை இலை நறுக்கி, குழைய வடித்த சோற்றில் மோர் விட்டுப் பிசைந்து வைத்தேன். நான்கு கவளம் உள்ளே போனது. அதிலிருந்து தினமும் இலைதான். உறவுக்காரர்களில் சிலர் தொற்றிக்கொள்ளுமோ என்று வாசலோடு போய்விட்டார்கள். அவர்களைப் பற்றி எழுத விருப்பமில்லை.

நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. வட்டத் தலைநகர் அரசு மருத்துவமனையிலேயே ரத்த அணுக்களை எண்ணுகிறார்கள். ஊசிக்கு முதல் நாள் அங்கே பார்த்து, எண்ணிக்கையைப் போனில் பெரிய மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டால், உடம்பு சரியில்லாத பெண் 140 கிலோமீட்டர் வீணாக அலைய வேண்டாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-இல் வந்தபிறகு என் தாயாருக்கு ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அந்தப் பெண்ணுக்கு எங்கள் தெருவில் யாருக்கு என்ன நோய் என்பது தெரியும். ஊசி போட்டு வந்தவர் வீட்டிலும் பத்தாம் நாள் ஒருமுறை எட்டிப்பார்த்து, ஜுரம் இருக்கிறதா, வாயில் புண் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லலாம். அதற்கும் முன்னால், முதல் ஊசி அன்றே தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்த ஒரு தாள் தர வேண்டும். சிறுநீர் சிவப்பாகும், பயப்படாதே. ஜுரம் வந்தால் காத்திருக்காதே. இந்த எண்ணுக்குக் கூப்பிடு. இவ்வளவு இருந்தால் போதும்.

சிவப்பு ஊசி நான்கும் முடிந்துவிட்டன. இப்போது வேறு மருந்து, வாரம் ஒன்றாக 12 ஊசி; ஐந்து ஆகியிருக்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போய், பூக் கட்டினால் நார் கையில் இருப்பதே தெரியவில்லை என்கிறாள். தெர்மாமீட்டர் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வியாழக்கிழமை ஆறாவது ஊசி. எண்ணிக்கை என்னவென்று தெரியாமல்தான் முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறோம்.

எங்கள் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்