பேஸ் வாங்கப்போகும் நண்பனுக்கு

சுங்கை சிப்புட், மலேசியா

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம் என்று படித்ததில் நிம்மதி. இங்கும் சுகமே. மத்தியானம் ஆனால் இடியும் மழையுமாகத்தான் பொழுது போகிறது.

தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து இசைக்குழு தொடங்கியிருப்பதும், மற்றவர்கள் பாட்டுக்கும் லீட் கித்தாருக்கும் போட்டி போட, உன் மகன் தானாகவே பேஸ், அதாவது அடி ஸ்வரங்களுக்கான கித்தார், வாசிக்கிறேன் என்று முன்வந்ததும் எனக்குப் பெரிய சந்தோஷம். பேஸுக்கு ஆள் கிடைக்காமல் கலைந்துபோகிற குழுக்கள்தான் நம் ஊர்களில் அதிகம். அவனுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடு.

என்ன வாங்குவது என்று கேட்டிருந்தாய். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போ. கடையில் தனியாக வாசிக்கும்போது இனிக்கிற ஒலி, தோட்ட மண்டபத்தில் ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தவுடன் காணாமல் போய்விடும். அடியில் ‘தும்’ என்றும் மேலே ‘டிங்’ என்றும் கேட்பது கடையில் ஆளை மயக்கும். கூட்டத்துக்கு நடுவில் பேஸைக் காதுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது நடுப்பகுதி, ஏறக்குறைய 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரை. அதனால் கடையில் ஒலியின் அடி, நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கிற பேஸ், மிடில், ட்ரெபிள் மூன்று குமிழையும் நடுவில் வைத்து, அப்படியே நன்றாகக் கேட்கிறதா என்று பார்.

முதல் கித்தாருக்கு என் ஓட்டு பிரிசிஷன் என்ற பேஸ் வகைக்குத்தான். அமெரிக்கக் கித்தார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் அதை 1951-இல் கொண்டுவந்தார். இன்று நாம் பார்க்கிற இரண்டாகப் பிளந்த பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) 1957-இல் வந்தது. அந்தப் பிக்கப்பின் இரண்டு பாதியும் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும்படி சுற்றப்பட்டவை. டியூப் லைட்டும் மின்விசிறியும் ஓடுகிற மண்டபத்தில் இது பெரிய உதவி. 1960-இல் வந்த ஜாஸ் வகையில் இரண்டு தனிச்சுருள் பிக்கப்புகள் இருக்கும். இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருக்கும்வரை இரைச்சல் அடங்கியிருக்கும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தால் ‘ம்ம்ம்’ என்று கிளம்பிவிடும். கழுத்து மெல்லியதாக இருப்பதால் சின்னக் கைக்கு ஜாஸ் வசதிதான், அதையும் மறுக்கமாட்டேன். இரண்டும் கலந்த பிஜே வகையும் உண்டு. யமாஹாவின் டிஆர்பிஎக்ஸ் 174 அப்படிப்பட்டது, பேட்டரி தேவையில்லாதது. 9 வோல்ட் பேட்டரி போடும் ஆக்டிவ் கித்தார் வாங்கினால், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

5 தந்தி வேண்டுமா என்று அவன் கேட்கிறான் என்றாய். அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் குழுக்களில் பாடகர் மாறினால் சுருதியும் மாறும். கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு அதே கட்டைகளை வாசிப்பார். பேஸ் வாசிப்பவனோ நிஜமாகவே இடம் மாறவேண்டும். 4 தந்தியில் மிகக் கீழே இருப்பது ஈ (E) ஸ்வரம், 41 ஹெர்ட்ஸ். பாட்டு டி-க்கோ (D) சி-க்கோ (C) இறங்கினால் கீழ் ஸ்வரம் கைக்கு எட்டாது. 5 தந்தியில் பி (B) வரை, அதாவது 31 ஹெர்ட்ஸ் வரை, போகலாம். ஆனால் விலை குறைந்த 5 தந்திக் கித்தார்களில் அந்த பி தந்தி தொளதொளவென்று கிடக்கும். சின்ன ஸ்பீக்கரும் அதைத் தெளிவாகத் தராது. முதல் ஆண்டு 4 தந்தியே போதும். டி-யில் வரும் பாட்டுக்கு ஈ தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்கிக்கொள்ளலாம்.

பழைய கித்தார் என்றால் வாங்கும் முன் சில சோதனைகள். கழுத்தை உடலின் பக்கமிருந்து ஒரு கண்ணால் நீளவாக்கில் பார். மெல்லிய வளைவு இருந்தால் சரிசெய்யலாம், முறுக்கு இருந்தால் விட்டுவிடு. ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தி வாசித்துப் பார்க்கச் சொல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ‘ட்ர்ர்’ என்றால் அழுத்திய ஃப்ரெட் தேய்ந்திருக்கிறது, அல்லது அதற்கு அடுத்தது எழும்பியிருக்கிறது. குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பயப்படவேண்டாம், கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் பெரும்பாலும் போய்விடும். கழுத்துக்குள்ளே இருந்து வளைவைச் சரிசெய்யும் கம்பிதான் ட்ரஸ் ராட். அதன் நட்டு இன்னும் இறுக இடமிருக்கிறதா என்று கட்டாயம் கேள். கடைசிவரை இறுகிப்போயும் கழுத்து வளைந்தே இருந்தால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு செட்டப், அதாவது கழுத்தையும் தந்திகளையும் சரியான அளவுக்குக் கொண்டுவருவது. பிள்ளைகள் விலையுயர்ந்த கித்தாரைத் தேடுகிறார்கள், ஆனால் செட்டப் செய்யாத விலையுயர்ந்த கித்தாரைவிட ஒழுங்காகச் செட்டப் செய்த சாதாரணக் கித்தார் எவ்வளவோ மேல். நம் சீதோஷ்ணத்தில் மரம் ஈரத்தை இழுத்துக்கொண்டு அசைந்துகொண்டே இருக்கும். ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ கித்தாரை ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, அவனே கற்றுக்கொள்ளட்டும். தேவையானவை: அலன் சாவிகள், சின்ன ஸ்க்ரூ டிரைவர், மில்லிமீட்டர் அளவுகோல், டியூனர், மோட்டார் பட்டறையில் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ்.

வரிசையை மாற்றக்கூடாது. முதலில் சுருதி சேர்க்கவேண்டும். பிறகு ஈ தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, 8-ஆம் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கவேண்டும். 0.3 மில்லிமீட்டர் நல்ல அளவு. அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடைக் கடிகாரம் ஓடும் திசையில் இறுக்கவேண்டும், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். இறுக்கும் முன் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, இறுக்கியபின் மறுபடி சுருதி சேர்த்து, ஒரு ராத்திரி விட்டு மறுநாள் அளந்தால்தான் சரியான அளவு தெரியும். மரம் உடனே அசையாது. நட்டு திரும்ப மறுத்தால் பலம் காட்டக்கூடாது. முறிந்தால் கழுத்தே போய்விடும்.

அடுத்தது தந்தியின் உயரம். 17-ஆம் ஃப்ரெட்டின் மேல் ஈ தந்தி 2.4 மில்லிமீட்டர், மிக மெல்லிய ஜி (G) தந்தி 2 மில்லிமீட்டர், இடையில் உள்ளவை படிப்படியாக. தந்திகள் உடலில் வந்து முடியும் பிரிட்ஜில் உள்ள சின்ன ஸ்க்ரூக்கள் இதற்குத்தான். பலமாக மீட்டுகிறவன் என்றால் அரை மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளலாம். அதன்பிறகு 12-ஆம் ஃப்ரெட். அங்கே தந்தியை லேசாகத் தொட்டு எடுக்கும் ஹார்மானிக்கும், அழுத்தி எடுக்கும் ஸ்வரமும் ஒன்றாக இருக்கவேண்டும். அழுத்தியது கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியைத் தாங்கும் சாடிலைக் கழுத்திலிருந்து பின்னுக்குத் தள்ளு, குறைவாக இருந்தால் முன்னுக்கு. தேய்ந்த தந்தியை வைத்துக்கொண்டு இதைச் செய்வது வீண் வேலை. எவ்வளவு திருப்பினாலும் சேராது. கடைசியாகப் பிக்கப்: கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி பார்த்தால் ஈ தந்திக்குக் கீழே 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்துச் சுருதியைக் கெடுக்கும்.

தந்தியின் தடிமன் 45 முதல் 105 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) செட் வழக்கமான 4 தந்தி பேஸுக்குப் பொருந்தும். மேலே உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்ட்வவுண்டில் நம் ஊர் வியர்வை உள்ளே இறங்கி ஒலி சீக்கிரம் மழுங்கும். தட்டைக் கம்பி சுற்றிய பிளாட்வவுண்ட் விலை கூடுதல், ஆனால் அழுக்குத் தங்க இடுக்கு இல்லை, பல ஆண்டு தாங்கும், ஒலியும் பழைய சினிமாப் பாடல்களுக்கு அப்படியே பொருந்தும். அமெரிக்க மோட்டவுன் நிறுவனத்தின் பாட்டுப் பதிவுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பிளாட்வவுண்ட்தான் வைத்திருந்தார். புதுத் தந்தி போடும்போது ஒன்று முக்கியம்: வெட்டுகிற இடத்துக்குச் சற்று முன்னால் செங்கோணமாக மடக்கிவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்டவேண்டும். மடக்காமல் வெட்டினால் உள்கம்பியைச் சுற்றிய சுருள் தளர்ந்து, புதுத் தந்தியே செத்த தந்தியாகிவிடும்.

இனி ஆம்ப், அதாவது கித்தாரின் ஒலியைப் பெருக்கும் கருவி. பணத்தின் பெரிய பங்கு இங்கேதான் போகவேண்டும். வீட்டில் பழக 20 வாட் போதும். ட்ரம்ஸ் இருக்கிற மேடைக்கு 200, 300 வாட் வேண்டும். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான், காதுக்கு அது சின்ன வித்தியாசம். அதனால் ஸ்பீக்கரின் திறனைப் பார்: 97 டெசிபெல் என்று போட்டதைவிட 100 டெசிபெல் என்று போட்டது, அதே ஆம்பில் இருமடங்கு வாட் கொடுத்ததற்குச் சமம். ஆம்பின் பின்னால் 4 ஓம் என்று எழுதியிருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி இரண்டு வரை இணைக்கலாம், இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகும். மூன்றாவது சேர்த்தால் ஆம்ப் சூடேறிப் போய்விடும். ஆம்புக்கும் பெட்டிக்கும் இடையில் ஸ்பீக்கர் கேபிள்தான் போடவேண்டும், கித்தார் கேபிள் அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. லீட் கித்தார் ஆம்பில் பேஸைச் செருகவே விடாதே, சத்தம் கூட்டினால் அந்த ஸ்பீக்கர் கிழிந்துவிடலாம்.

மின்சார விஷயத்தை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான் விற்கும் கடைகளில் நல்ல ஆம்புகள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் நம் 230 வோல்ட் பிளக்கில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். அதைவிட முக்கியம் எர்த். கித்தாரின் தந்திகள் கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. பாடகரின் மைக் வேறொரு பிளக்கில் ஓடும் சவுண்ட் சிஸ்டத்தின் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. இரண்டில் ஒன்றில் எர்த் அறுந்திருந்தால், தந்தியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிக்கும். எனவே மேடையில் உள்ள எல்லாச் சாமானும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கட்டும், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இஎல்சிபி வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும். இரைச்சல் வருகிறது என்று எர்த் வயரைக் கழற்றிவிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யக்கூடாது. இரைச்சலுக்கு, கித்தாரை மிக்ஸரோடு இணைக்கும் டி.ஐ. பெட்டியில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், பாதுகாப்பு எர்த் அப்படியே இருக்கும். கோயில் திருவிழாவில் பெரிய சவுண்ட் சிஸ்டம் வைத்திருந்தால், டி.ஐ. வழியாக மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டு, சின்ன ஆம்பைத் தனக்குக் கேட்க மட்டும் வைத்துக்கொண்டால் போதும். இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்.

பழகுகிற மண்டபம் தகரக் கூரையும் சிமெண்டுச் சுவரும் என்று எழுதியிருக்கிறாய். கீழ் ஈ-யின் ஒலி அலை 8 மீட்டருக்கு மேல் நீளம். அந்த அளவு மண்டபத்தில் ஒரு மூலையில் பேஸ் குமுறும், நான்கு எட்டு தள்ளி நின்றால் ஒன்றுமே கேட்காது. ஆம்பை மூலையிலிருந்து வெளியே இழுக்கவேண்டும். மேடை மரப்பலகை என்றால் ஆம்புக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்ச் வைக்கவேண்டும், இல்லாவிட்டால் பலகையும் சேர்ந்து அதிரும். குமுறல் போகவில்லை என்றால் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் குறைத்துப் பார்க்கட்டும். நீளமான கேபிளைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசைவரை நடந்துபோய் வாசித்துக் கேட்டால், எதைக் குறைப்பது என்று காதே சொல்லும்.

கீபோர்டைப் பற்றியும் பேசிவிடச் சொல். ஸ்டைல், அதாவது தானாக ஓடும் பின்னணி இசை, போட்டு வாசிக்கிற கீபோர்டில் அதுவே ஒரு பேஸ் வாசித்துக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட யமாஹா அரேஞ்சர் கீபோர்டுகளில் ஸ்டைலின் பேஸ் பகுதியை மட்டும் அணைக்க வழி உண்டு. அணைக்காவிட்டால் இரண்டு பேஸ் ஒரே நேரத்தில் மோதி, சேறு கலக்கிய தண்ணீர் மாதிரி எதுவும் தெரியாது. கீபோர்டுக்காரரின் இடது கையும் அடிக்கட்டைகளை விட்டு ஒரு ஆக்டேவ் மேலே ஏறவேண்டும். பெரும்பாலான குழுக்களில் ‘பேஸ் கேட்கவில்லை, கூட்டு’ என்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்குக் காரணம் இதுதான். ஆம்பை மாற்றவேண்டிய அவசியமே இருக்காது.

வாசிப்பைப் பொறுத்தவரை, காலால் அடிக்கிற கிக் ட்ரம் விழும் இடத்தை அவன் விடாமல் கேட்கவேண்டும். எதிரொலி அதிகமான மண்டபத்தில் ஸ்வரத்தை நீட்டாமல், இடது விரலை ஃப்ரெட்டிலிருந்து லேசாகத் தளர்த்தி நிறுத்தினால் தாளம் துலங்கும். எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களில் பேஸ் தனி மெட்டாகவே நடக்கும். அவற்றை முதல் மாதமே எடுக்காமல், ஆதார ஸ்வரத்தையும் ஐந்தாவதையும் மட்டும் வைத்து முழுப் பாட்டையும் தாளம் தவறாமல் கொண்டுபோகப் பழகட்டும். பிறகு அந்த மெட்டுகள் கைக்கு வந்து சேரும்.

கித்தாரைக் காரில் வெயிலில் விட்டுவிடவேண்டாம், பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். வாங்கியதும் 8-ஆம் ஃப்ரெட் இடைவெளியையும், 17-ஆம் ஃப்ரெட்டில் நான்கு தந்திகளின் உயரத்தையும் அளந்து எனக்கு எழுதச் சொல். மண்டபத்தின் நீள அகலத்தையும் சேர்த்து எழுதினால், ஆம்பை எங்கே வைப்பது என்று பார்த்துப் பதில் போடுகிறேன்.

உன் நண்பன்