மேல் லயத்துப் பாட்டிக்கும் உங்கள் எல்லோருக்கும்

பந்தலூர், சேரம்பாடிச் சொந்தங்களுக்கு வணக்கம்.

இலங்கைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்த உங்கள் வாழ்க்கைக் கதைகளை உங்கள் குரலிலேயே பதிவு செய்ய வந்த பிள்ளைகள் எழுதுகிறோம். அந்தப் பதிவுகளை வைத்து நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுதவில்லை. பதிவுகள் பத்திரமாக இருக்கின்றன. வெளியே போன அந்தப் பேச்சும் அடங்கிவிட்டது. இந்த வாரம்தான் எங்களுக்குச் சோறு இறங்குகிறது.

முதல் நன்றி மேல் லயத்து, அதாவது மேல் வரிசைத் தொழிலாளர் வீடுகளில் இருக்கும், பாட்டிக்கு. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லாக் கதவும் எங்களுக்குச் சாத்தியிருந்த நேரத்தில், "வாங்க பிள்ளைகளா, நானும் வாரேன்" என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். எங்கள் ஒப்புதல் படிவங்களை அவர் கையில் வாங்கவே இல்லை. ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து, "நீ பேசினது இந்தப் பெட்டியில இருக்கு. போடச் சொல்லிக் கேளு. இருக்கட்டும்னா இருக்கட்டும், வேணாம்னா அழிக்கச் சொல்லு. யாரும் கோவிக்க மாட்டாங்க" என்றார்.

ஒரு தாத்தா, கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமைப் பற்றிச் சொன்ன பகுதியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். அவர் கண் முன்னாலேயே அழித்தோம். இன்னொரு அம்மா, இலங்கையின் தலைமன்னாரில் கப்பல் ஏறிய கதையைத் தன் குரலிலேயே கேட்டுவிட்டு, உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து குடும்ப அட்டையை எடுத்துவந்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. போட்டோவில் அவர் அம்மா மடியில் கைக்குழந்தை. "இதையும் எழுதிக்கோங்க" என்றார்.

கொடுத்த ஒப்புதலை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று பயிற்சியில் படித்திருந்தோம். அதன் கனம் பாட்டியோடு நடந்தபோதுதான் விளங்கியது. 1964-இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தபோது இந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் வாழ்க்கையைப் பதிவு செய்ய வந்த நாங்களாவது கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

பிரதி எடுத்து வைத்திருந்த தம்பிக்கும், ராத்திரியில் ஜீப் ஓட்டிய அண்ணன்களுக்கும், பதிவு முடியும்வரை டிவியை அணைத்து வைத்த வீடுகளுக்கும், கட்டணம் வாங்காமல் ஆலோசனை சொன்ன வக்கீல் அக்காவுக்கும், எங்களுக்காக அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயின் தொழிலாளர்களிடம் பேசிய சங்கத்தாருக்கும் மனமார்ந்த நன்றி.

இனி பேசியவர் முழுதாகக் கேட்டு, சரி என்று சொன்ன பிறகே எந்தப் பதிவும் சேமிப்பில் சேரும். ஒரு பிரதி அவர் வீட்டிலேயே இருக்கும். சொல்லாமல் விட்டதை ஏன் சொல்லவில்லை என்று துருவ மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை கீழ் லயத்துக்கு வருகிறோம். பாட்டியும் வருகிறார்.